டிராஃப்ட் தேர்வு: அணியின் பொறுமையும் கணக்கில் வரவேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்டில், அதாவது வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் தேர்வில், புதுமுக ஆட்டக்காரர்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றன என்பது பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழில் இப்பொருள் இவ்வளவு விரிவாக எழுதப்படுவது அரிது. அதற்காக முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரையின் மையக் கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. எறிதிறன், அணிக்குப் பொருந்துதல், இனி வளரக்கூடிய வாய்ப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை யாருக்கு அதிகமாக வருகிறதோ அவரை எடுத்துக்கொள்வதே சமநிலையான தேர்வு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கேட்பதற்கு இது நியாயமான முறையாகத் தோன்றினாலும், மூன்றும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல என்பதை அது கவனிக்கவில்லை. எறிதிறன் என்பது ஆட்டக்காரர் இன்றே கையோடு கொண்டுவருவது. பொருத்தம் என்பது அணியில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சார்ந்தது. ஒரே ஒரு வீரர் மாற்றத்தால் அது நாளையே தலைகீழாகலாம். வளர்ச்சி வாய்ப்போ மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான் பலன் தரும், தராமலும் போகலாம். ஆகவே இவற்றைக் கூட்டிப் பார்க்குமுன், அந்த அணியால் எவ்வளவு காலம் காத்திருக்க முடியும், காத்திருக்கும் காலத்தில் அந்த இளைஞருக்கு எதைக் கற்றுத்தர முடியும் என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வி கட்டுரையில் எங்குமே இல்லை.

வாதத்துக்குள் போகுமுன் ஒரு சிறு திருத்தம். எந்த அணி எத்தனையாவதாகத் தேர்வு செய்யும் என்பதை முடிவுசெய்யும் லாட்டரியில் முதல் 14 இடங்களும் குலுக்கலில் முடிவாவதாகக் கட்டுரை சொல்கிறது. பருவத்தின் இறுதிக்கட்டமான பிளேஆஃப் சுற்றுக்குச் செல்லாத 14 அணிகள் குலுக்கலில் கலந்துகொள்வது உண்மைதான். ஆனால் 2019இல் மாற்றப்பட்ட விதிப்படி குலுக்கி எடுக்கப்படுபவை முதல் நான்கு இடங்கள் மட்டுமே, மற்ற இடங்கள் வெற்றி தோல்விக் கணக்கின்படி அமைந்துவிடும். மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 விழுக்காடு என்று அப்போது குறைக்கப்பட்டது. 2025இல் வெறும் 1.8 விழுக்காடு வாய்ப்போடு இருந்த டாலஸ் மாவெரிக்ஸ் முதலிடத்தைப் பெற்று கூப்பர் ஃபிளாகைத் தேர்ந்தெடுத்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். இதை நான் வெறும் தகவல் பிழையாகக் கருதி எழுதவில்லை. தனக்கு எந்த இடம் வரும் என்பதே டிராஃப்டுக்குச் சில வாரங்களுக்கு முன்புவரை தெரியாத ஓர் அணி, எந்த இடம் வந்தாலும் மாறாத ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு திட்டமிட முடியாது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன். முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்கு நான்காண்டு ஒப்பந்தம் உண்டு. அதில் முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை, அடுத்த இரண்டும் அணியின் விருப்பத்தைப் பொறுத்தவை. 19 வயதில் வருபவரைப் பற்றி 23 வயதுக்குள் முடிவெடுத்துவிட வேண்டும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பொருத்தம் என்ற சொல்லில் இருந்து தொடங்குகிறேன். 1984ஆம் ஆண்டைத் தொடாமல் டிராஃப்ட் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் விதிவிலக்கல்லன். முதலிடத்தில் ஹூஸ்டன் அணி ஹக்கீம் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாம் இடத்தில் இருந்த போர்ட்லாந்து, முந்தைய ஆண்டுதான் கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தது; ஜிம் பாக்ஸ்சனும் அங்கே இருந்தார். பந்தைக் கொண்டுசென்று ஆடும் கார்டு நிலையில் ஆள் நிறைந்திருந்ததால், வளையத்தருகே ஆடும் சென்டர் வேண்டும் என்று சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாம் இடத்தில் மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குப் போனார். இதைக் கேலி செய்வது எளிது. உயரமான சென்டர் இல்லாமல் கோப்பை வெல்ல முடியாது என்பதே அந்தக் காலத்துப் பொது நம்பிக்கையாக இருந்தது. ஹூஸ்டனும் அதே நம்பிக்கையில்தான் ஒலாஜுவானை எடுத்தது, அவர்களை யாரும் குறை சொல்வதில்லை. போர்ட்லாந்து செய்த பிழை சென்டரைத் தேடியது அல்ல. கல்லூரியில் கால் காயத்தால் இரண்டு பருவங்களை முழுமையாக இழந்திருந்த ஒருவரை, நிலைக்குப் பொருந்துகிறார் என்ற ஒரே காரணத்துக்காக அவரைவிடத் திறமையானவர்களுக்கு மேலே வைத்ததுதான் பிழை. 2018இல் சாக்ரமென்டோ ஏறக்குறைய இதையே மீண்டும் செய்தது. பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்த டியாரன் ஃபாக்ஸ் இருந்த நிலையில், இரண்டாம் இடத்தில் லூகா டான்சிச்சை விட்டுவிட்டு மார்வின் பேக்லியை எடுத்தது.

இதற்கு நேர்மாறாக 2009இல் ஏழாம் இடத்தில் ஸ்டெஃபன் கரியை எடுத்த கோல்டன் ஸ்டேட் அணியில் ஏற்கெனவே மான்டா எல்லிஸ் இருந்தார். இருவருமே உயரம் குறைந்த கார்டுகள். இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்று அன்று சொன்னவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் 2012 மார்ச்சில் எல்லிஸை மில்வாக்கிக்குக் கொடுத்து ஆண்ட்ரூ போகட்டைப் பெற்றார்கள். பொருத்தச் சிக்கல் மூன்றே ஆண்டுகளில் ஒரு பரிமாற்றத்தில் தீர்ந்தது, 2015இல் கோப்பையும் வந்தது. திறமை கையில் இருந்தால் பொருத்தத்தைப் பிறகு உண்டாக்கிக்கொள்ளலாம். வெறும் பொருத்தத்தை வைத்துத் திறமையை உண்டாக்க வழியில்லை. 2025இல் சான் அன்டோனியோ அணி, சாக்ரமென்டோவிலிருந்து வந்திருந்த ஃபாக்ஸும் ஸ்டெஃபான் காஸலும் இருக்கும்போதே இரண்டாம் இடத்தில் டிலன் ஹார்ப்பரை எடுத்ததைத் தங்கள் கட்டுரையாளர் குறை கூறியிருந்தார். மூவருமே பந்தைக் கையில் வைத்து ஆடுபவர்கள், மூவருமே மூன்று புள்ளி எறிதலுக்காகப் பெயர் பெற்றவர்கள் அல்லர் என்பது சரியே. ஆயினும் அந்த இடத்தில் வேறொருவரை எடுப்பதற்கான காரணமாக அது எனக்குப் படவில்லை. சான் அன்டோனியோவின் முதன்மை ஆட்டக்காரரான வெம்பன்யாமாவின் இளம் வயதைப் பார்த்தால், அந்த அணிக்குக் காத்திருக்கக் காலம் இருக்கிறது.

இனி எறிதிறன். கணக்கு எல்லோரும் அறிந்ததுதான்: வளையத்திலிருந்து தொலைவில் உள்ள மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளே இருந்து போட்டால் இரண்டு; ஆகவே வெளியிலிருந்து 36 விழுக்காடு போடுபவர் ஓர் எறிதலுக்குச் சராசரியாக 1.08 புள்ளி தருகிறார். அதே பலனைக் கோட்டுக்கு உள்ளே பெற 54 விழுக்காடு போட வேண்டும். என்பிஏவில் இந்தக் கோடு 1979-80 பருவத்தில் வந்தது. அப்போது ஓர் அணி ஓர் ஆட்டத்தில் மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை; இன்றோ 35 முறைக்கு மேல் எறிகிறது. ஆனால் புள்ளிக் கணக்கைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நன்றாக எறியக்கூடிய ஒருவர் மூலையில் சும்மா நின்றாலும், அவரைக் காவல் காப்பவர் அவரை விட்டு நகர முடியாது. நகராததால் வளையத்தை நோக்கிப் பாயும் சக வீரருக்கு இடம் திறக்கிறது. பந்தைக் கையில் வைத்திருக்க விரும்பும் இருவர் ஒரே அணியில் இருந்தால் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். எறிபவர்கள் இருவர் இருந்தால் இடைஞ்சல் இல்லை, ஐவர் இருந்தாலும் இல்லை. எனவே எறிதிறனையும் பொருத்தத்தையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து மதிப்பெண் இடுவதே எனக்குத் தவறாகத் தெரிகிறது. அணி எப்படி மாறினாலும், பயிற்சியாளர் மாறினாலும், மாறாமல் பொருந்திக்கொண்டே இருக்கும் ஒரே திறன் அதுதான்.

இதற்கு நான் காட்ட விரும்பும் சான்று டெஸ்மண்ட் பேன். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் ஆடியவர், மூன்று புள்ளியில் 43 விழுக்காடு போட்டவர். 2020 டிராஃப்டில் முதல் சுற்றின் கடைசி இடமான 30ஆம் இடம்வரை அவரை யாரும் எடுக்கவில்லை. வயது 22 ஆகிவிட்டது, கைகள் நீளமில்லை, இனி பெரிதாக வளர மாட்டார் என்பதே பேச்சு. பாஸ்டன் அந்த இடத்தைப் பயன்படுத்தி எடுத்து, மெம்ஃபிஸுக்கு அனுப்பியது. அதே டிராஃப்டில் 15ஆம் இடத்தில் இருந்த ஆர்லாண்டோ, கோல் ஆண்டனி என்ற கார்டை எடுத்திருந்தது. அடுத்த ஆண்டுகளில் ஆர்லாண்டோ நீண்ட கைகளும் நல்ல தடுப்பாட்டமும் கொண்ட இளைஞர்களைச் சேர்த்தது. தடுப்பில் சிறந்த அணியாகவும் ஆனது. ஆனால் 2024-25 பருவத்தில் மூன்று புள்ளி விழுக்காட்டில் முப்பது அணிகளுள் கடைசி இடம். விளைவு என்ன? 2025 ஜூனில் பேனைப் பெறுவதற்காக அவர்கள் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பையும், அதே கோல் ஆண்டனியையும், அவற்றோடு நான்கு முதல் சுற்று இடங்களையும் மெம்ஃபிஸுக்குக் கொடுத்தார்கள். 15ஆம் இடத்தில் எடுத்திருக்கக்கூடியவருக்கு ஐந்தாண்டு கழித்து அந்த 15ஆம் இடத்துக்காரரையும் சேர்த்து விலை கொடுக்க நேர்ந்தது. இதில் ஆர்லாண்டோவை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. 29 இடங்களில் தேர்வு செய்த அணிகள் எல்லாமே பேனைக் கடந்து போனவைதான். தவிரவும், எறிதிறன் வேண்டும் என்று ஆர்லாண்டோ தேடாமலும் இல்லை: 2023இல் 11ஆம் இடத்தில் ஜெட் ஹோவர்டை அதற்காகவே எடுத்தார்கள், ஆனால் தொடக்க ஆண்டுகளில் அவரை அதிகம் களமிறக்க முடியவில்லை.

ஹோவர்டின் கதை வேறொன்றையும் காட்டுகிறது. எறிதிறன் மட்டும் இருந்தால் போதாது. களத்தில் நிற்க விடும் அளவுக்கு இன்னொரு திறனும், பெரும்பாலும் தடுப்பாட்டம், கூடவே இருக்க வேண்டும். 2010-11இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் மிக அதிகச் சராசரிப் புள்ளிகள் எடுத்த ஜிம்மர் ஃபிரெடெட், 2011இல் 10ஆம் இடத்தில் எடுக்கப்பட்டும் என்பிஏவில் வேரூன்றவில்லை. அவருடைய எறிதல் கெட்டுப்போகவில்லை. எதிரணி கார்டுகளை அவரால் தடுக்க முடியவில்லை, தன் எறிதலுக்குத் தேவையான இடத்தை வேகமான ஆட்டக்காரர்கள் நடுவே உண்டாக்கவும் முடியவில்லை.

எறிதிறனை எப்படி அளப்பது என்பதிலும் கட்டுரை அவசரப்பட்டிருக்கிறது. கல்லூரியில் ஒரே பருவம் ஆடிவிட்டு வருபவர் மொத்தமே 150 முறை அளவில்தான் மூன்று புள்ளிக்கு எறிந்திருப்பார். அதில் 60 விழுந்தால் 40 விழுக்காடு, சிறந்த எறிதிறனாளர் என்பார்கள். 54 விழுந்தால் 36 விழுக்காடு, சராசரி என்பார்கள். ஒரு முழுப் பருவத்தில் ஆறே ஆறு எறிதல்கள் வளையத்தின் விளிம்பில் பட்டு உள்ளே போயினவா வெளியே போயினவா என்பதுதான் இரண்டு பேச்சுக்கும் இடையே உள்ள தூரம். தவிர, என்பிஏவின் கோடு நடுப்பகுதியில் 23 அடி 9 அங்குலம். கல்லூரிக் கோடு 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். ஆகவே ஃப்ரீ த்ரோ விழுக்காட்டைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது என்று இத்துறையில் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். யாரும் தடுக்காமல், ஒரே தூரத்திலிருந்து, கை மட்டும் பேசும் எறிதல் அது. மார்கெல் ஃபுல்ட்ஸ் கல்லூரியில் மூன்று புள்ளியில் 41.3 விழுக்காடு போட்டார். ஃப்ரீ த்ரோவிலோ 64.9 மட்டுமே. 2017இல் பிலடெல்ஃபியா அவரை முதலிடத்தில் எடுத்தது. அவருடைய எறிதல் பிறகு நிலைகுலைந்தது. தோள்பட்டை நரம்புப் பாதிப்பு ஒன்று பின்னர் கண்டறியப்பட்டதால், முழுப் பழியையும் அந்த 64.9இன் மேல் போடுவது நேர்மையாகாது. ஆனாலும் அந்த எண் அன்றே தாளில் இருந்தது. அந்த முதலிடத்தை பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு இடம் கீழிறங்கிய பாஸ்டன், மூன்றாம் இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்து, 2024இல் கோப்பையும் வென்றது. 2025இல் நான்காம் இடத்தில் ஷார்லட் எடுத்த கான் நூபெல் கல்லூரியில் மூன்று புள்ளியில் 40.6, ஃப்ரீ த்ரோவில் 91.4 விழுக்காடு, இரண்டு எண்களும் ஒரே சாட்சி சொல்லும்போது நம்பலாம்.

எறிதலைக் கற்றுத்தர முடியாதா என்று கேட்கலாம். முடியும், சில நேரம். காவாய் லெனர்ட் கல்லூரியில் இரண்டு ஆண்டுகளும் சேர்த்து மூன்று புள்ளியில் 25 விழுக்காடுதான். 2011இல் இந்தியானா 15ஆம் இடத்தில் எடுத்து, அன்றே ஜார்ஜ் ஹில்லுக்கு ஈடாக சான் அன்டோனியோவுக்குக் கொடுத்தது. அங்கே எறிதல் பயிற்சியாளராக இருந்த சிப் எங்கலண்ட் அவருடைய கைநிலையைத் திருத்தினார். லெனர்ட் நம்பத்தக்க எறிதிறனாளராகி, 2014 இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். ஆனால் 2012இல் இரண்டாம் இடத்தில் ஷார்லட் எடுத்த மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டின் கதையும் உண்டு. அவர் உழைப்பாளி, தடுப்பில் சிறந்தவர், எறியும் முறை மட்டும் கோணல். தாம் ஆடிய காலத்தில் தலைசிறந்த எறிதிறனாளர்களுள் ஒருவராக இருந்த மார்க் பிரைஸையே அணி பயிற்சியாளராக அமர்த்தியும் அவருடைய எறிதல் நிலைபெறவில்லை. அவருக்கு அடுத்த இடத்தில் போனவர் பிராட்லி பீல். லெனர்டையும் கிட்-கில்கிறிஸ்டையும் டிராஃப்ட் நாளில் பார்த்து, யாருக்கு எறிதல் வரும், யாருக்கு வராது என்று எவரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

வளர்ச்சி வாய்ப்பு என்பது ஆட்டக்காரருக்குள் மட்டும் இருக்கும் பொருள் அன்று என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். கட்டுரையில் அது உயரம், கைநீளம், குதிக்கும் திறன் ஆகியவற்றால் மட்டும் அளக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவுகோலின்படி 2014இல் 41ஆம் இடம்வரை கிடந்து, பின்னாளில் என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான நிகோலா யோகிச்சுக்கு வளர்ச்சி வாய்ப்பே கிடையாது. பந்து எங்கே போக வேண்டும் என்பதை மற்றவருக்கு முன்பே காணும் கண்ணும் வளரக்கூடிய உறுப்புத்தான் என்பதை அவரை எடுத்த டென்வர் மட்டும் அன்று எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தது என்பதும் ஐயமே. அறிந்திருந்தால் இரண்டாம் சுற்றுவரை காத்திருந்திருக்காது. யானிஸ் அன்டெடோகூன்போ 2013இல் 15ஆம் இடத்தில் மில்வாக்கியால் எடுக்கப்பட்டபோது 18 வயது, கிரேக்க நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டிகளில் ஆடிவந்தவர். மில்வாக்கி கோப்பை வென்றது 2021இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. அதே தேர்வை, உடனே வென்றாக வேண்டிய நெருக்கடியில் இருந்த ஓர் அணி செய்திருந்தால், அந்த இளைஞர் இரண்டாம் ஆண்டிலேயே வேறு ஊருக்கு அனுப்பப்பட்டிருக்கலாம்.

அந்த நெருக்கடி என்ன செய்யும் என்பதற்கு 2020இல் கோல்டன் ஸ்டேட் இரண்டாம் இடத்தில் ஜேம்ஸ் வைஸ்மனை எடுத்ததே சான்று. அவர் கல்லூரியில் ஆடியது மூன்றே ஆட்டங்கள். நிறைய ஆடி, நிறையத் தவறு செய்து கற்க வேண்டியவர். அணியிலோ கரியும் டிரேமண்ட் கிரீனும் தங்கள் சிறந்த ஆண்டுகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு புதியவர் தவறு செய்து கற்பதற்கு அங்கே நேரமில்லை. காயத்தால் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடாத 2021-22 பருவத்தில்தான் அவர்கள் கோப்பை வென்றார்கள். 2023 பிப்ரவரியில் அவர் டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டார். கட்டுரையாளரின் கூட்டல் முறைப்படி பார்த்தால் வைஸ்மன் நல்ல தேர்வு: சென்டர் தேவைப்பட்ட அணிக்குப் பொருத்தம், வளர்ச்சி வாய்ப்பில் உச்சம். கணக்கில் வராமல் போனது அணியின் அவசரம். மாறாக, பால் ஜார்ஜை 2019இல் கொடுத்துப் பல முதல் சுற்று இடங்களைச் சேர்த்து வைத்திருந்த ஓக்லஹோமா சிட்டி, 2022இல் இரண்டாம் இடத்தில் எடுத்த செட் ஹோல்ம்கிரன் கால் காயத்தால் முதல் பருவம் முழுவதும் ஆடாதபோதும் கலங்கவில்லை. அதே ஆண்டு 12ஆம் இடத்தில் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் ஆடி வந்தவர், உடனே பயன்பட்டார். ஒருவருக்காகக் காத்திருந்தார்கள், இன்னொருவரை அன்றே ஆடவிட்டார்கள், 2025இல் கோப்பை.

எனவே எனக்கென்று ஒரு முறையைச் சொல்லச் சொன்னால், முதல் நான்கைந்து இடங்களில் பொருத்தத்தைப் பார்க்கவே வேண்டாம் என்பேன். அங்கே திறமை வேறுபாடு பெரிது, அணியை அவரைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். லாட்டரியின் பின்பாதியிலிருந்து முதல் சுற்றின் முடிவுவரை, வேறொரு திறனோடு சேர்ந்த எறிதிறனுக்கே முன்னுரிமை தருவேன், வயது 22 ஆகியிருந்தாலும் சரி. சம்பள உச்சவரம்பை வெகுவாகத் தாண்டும் அணிகளை, என்பிஏவும் ஆட்டக்காரர் சங்கமும் 2023இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால், குறைந்த சம்பளத்தில் நான்கு ஆண்டுகள் எறியக்கூடிய ஒருவரின் மதிப்பு முன்பைவிடக் கூடியிருக்கிறது. வளர்ச்சி வாய்ப்பை நம்பி எடுப்பதானால், யார் கற்றுத்தரப்போகிறார், எத்தனை நிமிடம் களத்தில் விடப்போகிறோம் என்பதற்கு அணியிடம் விடை இருக்க வேண்டும். விடை இல்லாவிட்டால் அந்தத் தேர்வை நான் தவிர்ப்பேன்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். டிராஃப்ட் முடிந்த மறுநாளே ஒவ்வோர் அணிக்கும் தரவரிசை வழங்கும் வழக்கத்தைத் தாங்களும் பின்பற்றியிருக்கிறீர்கள். அதற்குப் பதிலாக, 2022ஆம் ஆண்டு எடுக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட இயலுமா? முதலிடத்தில் பவுலோ பான்கெரோ, இரண்டாம் இடத்தில் ஹோல்ம்கிரன், கல்லூரியில் மூன்று புள்ளியில் 42 விழுக்காடு போட்டதால் எறிதிறனுக்காக ஹூஸ்டன் எடுத்த ஜபாரி ஸ்மித் மூன்றாம் இடத்தில், நான்காம் ஐந்தாம் இடங்களில் கீகன் மர்ரேயும் ஜேடன் ஐவியும். அவர்களின் முதல் நான்காண்டு ஒப்பந்தக் காலம் 2025-26 பருவத்தோடு நிறைவடைகிறது. எந்த அணி யாருக்கு எத்தனை நிமிடம் கொடுத்தது, யாருடைய எறிதல் மாறியது, எந்தப் பொருத்தம் எத்தனை மாதம் நீடித்தது என்பதையெல்லாம் இப்போது எண்களோடு எழுத முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்